விதித்த வழியும் விரும்பிய வழியும்



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் வீட்டில் அன்றாடம் பேசிக்கொள்ளும் பொருள்தான். ‘பையன் படித்து முடித்துவிட்டான், இனி என்ன ஆவான் என்று தெரியவில்லையே’ என்கிறார் தகப்பனார். ‘பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஆனால் அது எத்தனை நாளைக்கோ’ என்கிறார் தாயார். ‘கடைசிக் காலத்தில் யார் வீட்டில் இருக்கப்போகிறேனோ’ என்கிறார் பாட்டியார். கவலைகள் மூன்று, அவற்றின் வேர் ஒன்று. நம் பாட்டனார் காலத்தில் ஒரு மனிதனுடைய ஜீவனோபாயம் எது, மனைவி எந்தக் குடும்பத்திலிருந்து வருவாள், அவன் எந்த ஊரில் கண்மூடுவான் என்பவையெல்லாம் அவன் பிறந்த அன்றே ஏறக்குறைய நிச்சயமாகியிருந்தன. இன்றோ முப்பது வயது கடந்த பின்னும் அவற்றுள் ஒன்றும் நிச்சயமாவதில்லை. இது ஏன் நேர்ந்தது? இது நன்மையா, தீமையா? இந்த நிலையில் நாம் செய்யத்தக்கது என்ன? இந்த மூன்று வினாக்களையே உங்கள்முன் வைத்துச் சற்று ஆராய விரும்புகிறேன்.

முதலில் பழைய நிச்சயத்தைப் பார்ப்போம். அக்காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மில் பலருக்குக் கண்ணில் ஓர் ஒளி வந்துவிடுகிறது. ‘அப்போதெல்லாம் அவனவனுக்கு அவனவன் தொழில் இருந்தது, மனத்தில் நிம்மதி இருந்தது’ என்று பெருமூச்சு விடுகிறோம். நெசவாளர் மகன் தறிக்குழியில் இறங்கினான். குயவர் மகன் சக்கரத்தின்முன் உட்கார்ந்தான். கணக்குப்பிள்ளையின் மகன் கணக்கெழுதினான். ஆம், நிச்சயந்தான். ஆனால் தஞ்சைச் சீமையில் பண்ணையாளின் மகன் பண்ணையாளாகவே வளர்ந்தானே, அதுவும் நிச்சயந்தானே! தகப்பன் வாங்கிய கடனும் தகப்பன் நின்ற களமும் மகனுக்கு உரியவை என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பண்ணையாளைக் காரணமின்றி வெளியேற்றக்கூடாது, அவனுக்கு இன்ன கூலி கொடுக்கவேண்டும் என்று சொல்வதற்கே 1952ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. அந்த நிச்சயம் யாருக்கு நிம்மதியாக இருந்தது, யாருக்கு விலங்காக இருந்தது என்று கேட்காமல் அதைப் புகழ்வது நியாயமாகாது.

அந்த நிச்சயத்தை நம் ஜனங்கள் என்ன மதிப்பு மதித்தார்கள் என்பதற்குச் சரித்திரத்திலேயே ஒரு பிரத்தியட்சமான சாட்சி இருக்கிறது. 1953ஆம் ஆண்டில், சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக ராஜாஜி அவர்கள் இருந்தபோது, ஒரு புதிய ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவரப்பட்டது. கிராமப்புறத்துப் பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியில் படிப்பது, மற்ற நேரத்தில் பெற்றோருடைய தொழிலைக் கற்றுக்கொள்வது என்பது அதன் சாரம். பள்ளிக் கட்டடங்களும் ஆசிரியர்களும் போதாத காலத்தில், ஒரே பள்ளியில் இரண்டு வேளையாக அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாமே என்பது அவர் தரப்பு வாதம். அந்த வாதத்தில் சிக்கனம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நாடெங்கும் எதிர்ப்புப் பொங்கியெழுந்தது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அதற்குப் பெயர் வைத்துப் பெரியார் போராடினார். ஆளுங்கட்சிக்குள்ளேயே அதிருப்தி மூண்டது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அன்பர்களே, அந்த எதிர்ப்பின் உட்பொருளை எண்ணிப் பாருங்கள்! தொழிலைக் கற்றுத் தரவேண்டாம் என்று எந்தத் தகப்பன் சொல்வான்? தன் மகனுக்கு ஒரு பிழைப்பு உறுதியாவதை எந்தத் தாய் வெறுப்பாள்? அவர்கள் மறுத்தது கைத்தொழிலை அன்று. தம் பிள்ளையின் வருங்காலத்தை இன்னொருவர் முன்னதாகவே எழுதி வைப்பதை மறுத்தார்கள். ‘என் மகன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும், என்னைப்போல் ஆகாமல் இருந்தால் போதும்’ என்று லட்சக்கணக்கான எளிய மக்கள் தீர்மானித்தார்கள். இன்று நாம் நொந்துகொள்ளும் அநிச்சயத்தை அன்று நம் முன்னோர் விரும்பியே தேர்ந்துகொண்டார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்தத் தேர்வு வீண்போகவில்லை. பள்ளிகள் பெருகின, 1956இல் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வந்தது. 1951இல் இங்கே ஐந்து பேரில் ஒருவருக்கே எழுத்தறிவு இருந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து பேரில் நால்வருக்கு இருந்தது. வழி திறந்தது. ஆனால் திறந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று எந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை.

இனி இரண்டாவது வகை நிச்சயத்துக்கு வருகிறேன். பழைய வழியை விட்டு வெளியேறியவர்களுக்கு இடைக்காலத்தில் ஒரு புதிய நிலைக்களம் கிடைத்தது. மில், ரயில்வே, சர்க்கார் உத்தியோகம் என்று அதற்குப் பல பெயர்கள். சென்னை வடபகுதியில் பக்கிங்காம் மில் 1876இலும் கர்நாடிக் மில் 1881இலும் தோன்றின. கோயமுத்தூரின் முதல் நூற்பாலை 1888இல் வந்தது. 1932இல் பைகாரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கிவந்த பிறகு அங்கே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. விடியற்காலையில் மில் சங்கு ஊதும். தூக்குப் பாத்திரம் தொங்கும் சைக்கிள்கள் தெருவை நிறைக்கும். வீட்டில் கடிகாரம் இல்லாதவர்களும் அந்தச் சங்கைக் கேட்டு உலை வைப்பார்கள். முதலில் ‘பதிலி’ ஆளாகக் கேட்டில் காத்திருந்து, வராதவன் இடத்தில் வேலை பார்த்து, பின்னர் ‘பெர்மனென்ட்’ ஆகிவிட்டால், அந்த மனிதனுடைய பெயரை நம்பி மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவார். பெண் வைத்திருப்பவர்கள் விசாரித்துக்கொண்டு வருவார்கள். சீட்டுப் பிடிப்பவர் ஜாமீன் கேட்கமாட்டார். ஒரு மனிதனுடைய நாளையை ஊரே நம்பியது.

இந்த நிச்சயம் எப்படி வந்தது? முதலாளியின் தயவால் வந்ததா? இல்லை, பெரியோர்களே, இல்லை. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா அதன் தலைவரானார், திரு. வி. க. துணைத் தலைவர்களுள் ஒருவராக நின்று தமிழிலே தொழிலாளருக்கு உரிமை உணர்வூட்டினார். கதவடைப்புகளும் வேலைநிறுத்தங்களும் துப்பாக்கிச் சூடும் அந்த மில் பேட்டைகள் கண்டவை. அதன்பின் சுதந்திர இந்தியாவில் 1948இல் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் வந்தது, ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வந்தது, 1952இல் பிராவிடண்ட் பண்டுச் சட்டம் வந்தது. முதல் நிச்சயம் பிறப்பால் விதிக்கப்பட்டது. இரண்டாவது நிச்சயமோ மனிதர்கள் கூடி நின்று சம்பாதித்தது. இந்த வேற்றுமையைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பாதித்தது நிலைத்ததா? நலிந்த பஞ்சாலைகள் பலவற்றை 1974இல் மத்திய சர்க்கார் சட்டம் செய்து ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும் பல ஆலைகள் பிழைக்கவில்லை. 1996இல், பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் இணைந்த அந்தப் பழைய பின்னி மில்லும் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் உழைத்த கூடங்கள் சினிமாப் படப்பிடிப்புக்குக் களமாயின. நிலம் அடுக்குமாடி வீடுகளாயிற்று. மில்லில் தனக்குப்பின் தன் மகன் என்று நினைத்திருந்த தகப்பன், மகனுக்கு எந்த வழியைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றான்.

அதற்குப்பின் வந்த காலத்தின் இயல்பை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் 2006ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு நோக்கியா கம்பெனியின் கைப்பேசித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச நிலையில் ஏறக்குறைய 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். அவர்களுள் மிகப் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்கள். இருட்டில் ஊர் முனையில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற அந்தப் பெண், தன் குடும்பத்திலேயே மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆளாக இருந்திருப்பாள். அவள் சம்பளத்தில் தம்பி படித்தான்; கூரை வீடு தளம் போட்ட வீடாயிற்று; கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம் என்று சொல்லும் துணிவு அவளுக்கு வந்தது.

அப்புறம் என்ன நடந்தது? உலகச் சந்தையில் புதுவகைக் கைப்பேசிகள் வந்து நோக்கியாவை வீழ்த்தின. 2013இல் அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனம் அதன் கைப்பேசித் தொழிலை விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. இங்கே அந்தக் கம்பெனிக்கும் வருமானவரித் துறைக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்ததால், 2014இல் அந்த விற்பனை முடிந்தபோது இந்தத் தொழிற்சாலை அதில் சேரவில்லை. வாங்கியவருக்கும் சொந்தமாகாமல், விற்றவருக்கும் தேவைப்படாமல், அந்த ஆண்டு நவம்பர் மாதத்தில் அது நின்றுபோயிற்று. அந்தப் பெண் என்ன பிழை செய்தாள்? ஷிப்டு தவறினாளா? வேலையில் குறை வைத்தாளா? பின்லாந்திலும் அமெரிக்காவிலும் டெல்லியிலும் எடுக்கப்பட்ட, அவள் காதுக்கே எட்டாத முடிவுகள் அவள் வாழ்க்கையின் திசையை மாற்றிவிட்டன.

சில ஆண்டுகள் கழித்து அதே வளாகத்தில் வேறொரு கம்பெனி வந்து தொழில் தொடங்கியது. பொருளாதாரம் மீண்டுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின, அது மெய்தான். கட்டடம் ஐந்து வருஷம் காத்திருக்கும். இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் வாழ்க்கை காத்திருக்குமா? நாட்டுக் கணக்கில் ஒரு சிறு வளைவாகத் தெரிவது, ஒரு மனிதப் பிறவியின் கணக்கில் பாதி இளமை அல்லவா?

கூலி வேலைக்குத்தான் இந்தக் கதி, படித்தால் தப்பலாம் என்று சிலர் எண்ணலாம். 1984க்குப் பின் நம் மாநிலத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றி, ஒரு கட்டத்தில் 500க்கும் மேலாகப் பெருகின. நிலத்தை விற்றுப் படிக்க வைத்தார்கள். பின்னர் இடங்கள் காலியாகக் கிடக்கக் கண்டோம். எம்ப்ளாய்மெண்ட் கார்டை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் புதுப்பித்து, நடுவயதிலும் ‘சீனியாரிட்டி’ வரும் என்று காத்திருப்பவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். சர்க்கார் உத்தியோகமாவது கடைசிவரை காப்பாற்றும் என்றிருந்தோம். அங்கேயும் 2003 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டார்கள். பெற்ற கடைசிச் சம்பளத்தை வைத்துப் பென்ஷனைக் கணக்கிடும் பழைய உறுதி அவர்களுக்கு அகன்றது.

தொழிலோடு இந்த அநிச்சயம் நின்றுவிடவில்லை. வீட்டிற்குள்ளும் வந்துவிட்டது. 1989இல் நம் மாநிலத்தில் செய்த சட்டத்திருத்தம், இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை அளித்தது. பெண் படித்தாள், சம்பாதித்தாள், சொத்துக்கும் உரியவளானாள். ஆகவே யாரை மணப்பது, மணப்பதா வேண்டாமா என்பதிலும் அவள் விருப்பம் நுழைந்தது. குழந்தைகள் ஒன்றிரண்டாகக் குறைந்தார்கள். அந்த ஒருவரும் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார். ஆறு பிள்ளை பெற்ற தாய்க்கு முதுமையில் ஒரு பிள்ளையாவது கஞ்சி ஊற்றுவான் என்ற நம்பிக்கை இருந்தது. ஒரு பிள்ளை பெற்ற தாய்க்கு அந்தப் பிள்ளையின் கம்பெனி எந்த ஊருக்கு மாற்றுமோ என்ற கவலை இருக்கிறது. சுதந்திரம் வாசலில் நுழைந்தபோது அநிச்சயமும் அதன் கையைப் பற்றிக்கொண்டு உடன் நுழைந்துவிட்டது.

ஆகவே, இது நன்மையா தீமையா என்ற இரண்டாவது வினாவுக்கு என் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வழி நிச்சயமாக இல்லாதது தீமையன்று. அது நாம் கேட்டுப் பெற்ற சுதந்திரத்தின் மறுபக்கம். தீமை எதுவென்றால், அந்தச் சுதந்திரத்திற்குரிய விலையை எல்லாரும் சமமாகக் கொடுக்காமல் இருப்பதே. சொந்த வீடும் கொஞ்சம் சேமிப்பும் உள்ள குடும்பத்துப் பையன் வேலையை இழந்தால், ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து புதிய படிப்பொன்று படிக்கிறான். அவன் வாழ்க்கையில் அது ஒரு திருப்பம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு தங்கையின் கல்யாணக் கடனுக்குத் தவணை கட்டுகிறவன் அதே வேலையை இழந்தால், அடுத்த வாரமே கிடைத்த கூலிக்குப் போகிறான். அவன் வாழ்க்கையில் அது ஒரு வீழ்ச்சி. அநிச்சயம் ஒன்று; ஆனால் ஒருவனுக்கு அது வாய்ப்பு, மற்றவனுக்கு ஆபத்து.

இதைவிடக் கொடியது இன்னொன்று உண்டு. 1986ஆம் ஆண்டில் உல்ரிக் பெக் என்னும் ஜெர்மானிய சமூகவியல் அறிஞர், நவீன சமுதாயம் ஆபத்துகளைப் பெருக்குவதையும், அவற்றைச் சுமக்கும் பொறுப்பைத் தனிமனிதன் தலையில் ஏற்றிவிடுவதையும் விரித்து எழுதினார். பழைய நாளில் மழை பொய்த்தால் ஊர் முழுவதும் ஒன்றாக அழுதது. இன்று ஆலை மூடினால் ஒவ்வொருவனும் தனித்தனியே வெட்கப்படுகிறான். ‘நீ சரியாகப் படிக்கவில்லை’, ‘நீ கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளவில்லை’, ‘பக்கத்து வீட்டுப் பையனைப் பார்’ என்று நாமும் அவனைக் குத்துகிறோம். எண்ணாயிரம் பேருக்கு ஒரே நாளில் வேலை போனால் அது எண்ணாயிரம் பேருடைய தனித்தனிக் குற்றமா? சமுதாயத்தின் நோயைத் தன் தனிப்பட்ட குற்றமாக எண்ணி வருந்தும் இளைஞர்களை நாம் உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பாவத்தில் நம் ஒவ்வொருவருக்கும் பங்குண்டு.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? வானம் பார்த்த பூமியில் உழுகின்ற குடியானவனை நினைத்துப் பாருங்கள். நம் தென்மாவட்டங்களில் மழை வருமா வராதா என்று எவராலும் சொல்ல முடியாது. அதற்காக அவன் விதைக்காமல் இருப்பதில்லை. அவன் இரண்டு காரியம் செய்கிறான். பருத்தியோடு உளுந்தையும் பாசிப்பயற்றையும் ஊடே விதைத்து, ஒன்று போனால் ஒன்று நிற்கட்டும் என்று தன் நிலத்தில் தானே ஏற்பாடு செய்துகொள்கிறான். அதோடு, ஊராருடன் சேர்ந்து கண்மாயை வெட்டி, கரையை உயர்த்தி, பெய்த மழையைப் பொதுவில் தேக்கி வைக்கிறான். முதற்காரியம் தனிமனிதன் செய்யக்கூடியது. இரண்டாவதை ஒருவன் தனியாகச் செய்ய முடியாது. இன்று நம் இளைஞர்களுக்கு முதலாவதை மட்டுமே உபதேசிக்கிறோம். ‘பல தொழில் கற்றுக்கொள், புதிது புதிதாகக் கற்றுக்கொள்’ என்கிறோம். நல்ல உபதேசந்தான். ஆனால் கண்மாய் எங்கே?

சமுதாயம் கண்மாய் வெட்டக் கற்றுக்கொண்டது நேற்று இன்றல்ல. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீட்டையும், 1884இல் விபத்துக் காப்பீட்டையும், 1889இல் முதுமைக் காப்பீட்டையும் சட்டமாக்கினார். அவர் தொழிலாளர் மீது கருணை மிகுந்து செய்தவர் அல்லர்; சோஷலிஸ்டுகளின் செல்வாக்கைக் குறைக்கும் தந்திரமும் அதில் இருந்தது. எண்ணம் எதுவாயினும், ஒருவனுடைய ஆபத்தை அனைவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்னும் தத்துவம் அங்கே சட்டத்தில் ஏறியது. நம் மாநிலத்திலும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982இல் ஒரு சட்டம் வந்தது. அதன் வழியே கட்டுமானத் தொழிலாளர் முதலியோருக்கு நலவாரியங்கள் அமைந்தன. தோளில் பையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீடுவீடாகச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கின்ற பிள்ளைகளுக்கு முதலாளி யார், சம்பளம் எது, விடுமுறை எது என்பதே தெளிவில்லை. அவர்களைப் போன்றவர்களுக்காக 2023இன் முடிவில் இங்கே ஒரு நலவாரியம் ஏற்படுத்தப்பட்டது. இவையெல்லாம் கண்மாய்கள்தாம். சில ஆழமில்லாதவை, சிலவற்றில் மடை திறப்பதற்குள் பயிர் வாடிவிடுகிறது, பலருக்குத் தம் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதே தெரியாது. ஆயினும் அவற்றை வேண்டாமென்பது அறிவாகுமா? தூர்வாருவதல்லவா அறிவு!

ஆகையால் மூன்று வேண்டுகோளுடன் முடிக்கிறேன். இளைஞர்களே, வேலையை இழப்பது மானத்தை இழப்பதன்று. உங்களைப் போன்றவர்களைத் தேடிச் சேருங்கள், சங்கம் அமையுங்கள், உங்களுக்கு உரிய வாரியத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். நம் பாட்டன்மார் பெற்ற எட்டு மணி நேர வேலையும் வாராந்தர விடுமுறையும் தனித்தனியே மனுக் கொடுத்துக் கிடைத்தவை அல்ல. பெரியோர்களே, முப்பது வயதில் மூன்றாவது தொழிலுக்கு மாறும் பிள்ளையை நிலையற்றவன் என்று ஏசாதீர்கள். நீங்கள் நின்ற தரை அவன் காலின்கீழ் இல்லை. ஆட்சியில் இருப்போரே, ஒரு தொழிற்சாலை வருகிறது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றைக்கே, அது போய்விட்டால் அங்கே உழைத்தவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கும் ஓர் ஏற்பாட்டை எழுதி வையுங்கள். நிலமும் நீரும் மின்சாரமும் சலுகையாகக் கொடுக்கும்போது அந்த ஏற்பாட்டையும் கேட்டு வாங்குவது உங்கள் கடமை.

எந்த வழியில் போவது என்பது அவரவர் விருப்பமாக இருக்கட்டும். அதை எந்த அரசும், எந்தக் குலமும், எந்தத் தகப்பனும் விதிக்கவேண்டாம். ஆனால் போகும் வழியில் விழுந்தவனுக்கு உணவும் மருந்தும் மறுபடி கற்க ஒரு வருஷ அவகாசமும் கிடைக்கும் என்பது மட்டும் நிச்சயமாக இருக்கட்டும். அதை நிச்சயமாக்குவது தலைவிதியின் வேலையன்று. சட்டசபையின் வேலை, சங்கத்தின் வேலை, இங்கே அமர்ந்திருக்கும் நம்முடைய வேலை.